பற்று நோட்டும் இருப்புக் கணக்கும்: மண்டபம் அருகே ஒரு பலசரக்குக் கடை

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை அடைவதற்குச் சற்று முன்னால், மன்னார் வளைகுடாவாகிய தென்கடலை நோக்கிப் பிரியும் ஒரு சாலையின் முனையில் இருக்கும் பலசரக்குக் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாத மதிப்புரையால் படிப்பவருக்கு என்ன பயன் என்று நான் வாதிட்டுப் பார்த்தேன். வாங்க வருகிறவர்களுக்கு வழி தெரிந்தால் போதும், இந்தக் கடையில் யார் யாருக்குக் கடன் கொடுக்கப்படுகிறது என்பது ஊரறிந்த செய்தியானால் வாங்கியவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே அவரை இங்கே எல்லோரும் அழைப்பதுபோல் பாய் என்றே குறிப்பிடுகிறேன்.

நான் கணக்குத் தணிக்கையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2016 முதல் மாதம் இரண்டு முறையாவது இந்தக் கடையில் சாமான் வாங்குகிறேன். ஒரு கடையை மதிப்பிடும்போது சரக்கின் தரம், எடை, விலை, நடத்தை ஆகிய நான்கைத்தான் பார்ப்பது வழக்கம். அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக இல்லை. கையை இறுக்கி வைத்திருந்த கடைகள் இந்தச் சாலையில் ஒவ்வொன்றாக மூடப்பட, கையைத் திறந்து வைத்திருக்கும் இந்தக் கடை ஓலைக் கொட்டகையிலிருந்து காங்கிரீட் கட்டடமாக வளர்ந்தது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சரக்கு. முண்டு வத்தலுக்காக மட்டுமே இந்தக் கடைக்கு வரலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் அது. கடையில் அதைக் காம்போடு, தரம் பிரித்து, இரண்டு சாக்குகளில் வைத்திருப்பார்கள். காம்பு உதிர்ந்த, நிறம் வெளுத்த வத்தல் தனிச் சாக்கில் குறைந்த விலைக்கு இருக்கும். அதை நல்லதோடு கலந்து விற்று நான் பார்த்ததில்லை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் கருப்பட்டி கோடைக்காலத்தில் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் வாங்கினால் கசிந்து போகிறது என்று அவரே சொல்லித் தடுத்துவிடுவார். துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய் ஆகியவை ஒழுங்கு. ஒரு கிலோ என்று வாங்கியவற்றை வீட்டுத் தராசில் மூன்று, நான்கு முறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் குறைந்ததில்லை. நெத்திலிக் கருவாடு இருக்கும், ஆனால் அதற்கு மண்டபத்திலேயே இதைவிட நல்ல இடங்கள் உண்டு. காய்கறி சுமார்தான். மீனவர்களுக்கான நரம்பு, தூண்டில் முள், மிதவைக் கட்டை, டார்ச் பேட்டரி ஆகியவை ஒரு பக்கச் சுவர் முழுவதும் தொங்குகின்றன. நல்லெண்ணெய் விலை இராமநாதபுரத்துப் பெரிய கடைகளைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக இருக்கும்; வத்தலும் மல்லியும் அங்கிருப்பதைவிடக் குறைவு. மொத்தத்தில் பேருந்துச் செலவைச் சேர்த்தால் இங்கேயே வாங்குவது லாபம்.

இனி, கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்களின் கணக்கை எழுதி வைக்கும் பற்று நோட்டுக்கு வருகிறேன்.

இந்தக் கடற்கரையில் வருமானம் மாதச் சம்பளம்போல் வருவதில்லை என்பதை வெளியூரில் இருந்து படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வடகடலாகிய பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடல் பங்கிடப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதற்கு அரசு குடும்பத்துக்கு வழங்கும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில்தான் வெளியானது. இரண்டு மாதத்துக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களுக்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் வேலை. பணம் வந்தால் மொத்தமாக வரும். வராவிட்டால் நாள்கணக்கில் வராது. ஆனால் அடுப்பு எல்லா நாளும் எரிந்தாக வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கு இங்கே பலர் காத்திருக்கிறார்கள். சம்மாட்டி எனப்படும் படகு உரிமையாளரோ மீன் வியாபாரியோ முன்பணம் கொடுப்பார். அதற்கு வட்டி என்று எதுவும் எழுதப்படாது, ஆனால் பிடித்து வரும் நண்டையும் மீனையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும். கடலுக்குப் போகிறவன் விலை கேட்கும் உரிமையைத்தான் அங்கே வட்டியாகக் கட்டுகிறான். வாரத் தவணைக் கடன் கொடுப்பவர்கள் திங்கட்கிழமை காலையில் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்திருந்தாலும், மாலைக்குள் ஆயிரம் ரூபாய் தேவைப்படுகிற பெண்ணுக்கு அந்தச் சட்டம் ஆயிரம் ரூபாய் கொடுப்பதில்லை.

பாயின் பற்று நோட்டு வேலை செய்யும் முறை வேறு. அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, பால் பவுடர், சோப்பு, பள்ளிக்கூட நோட்டு, காய்ச்சல் மாத்திரை ஆகியவற்றுக்குப் பற்று உண்டு. சிகரெட், பாக்கு, குளிர்பானம், செல்போன் ரீசார்ஜ் ஆகியவற்றுக்குப் பற்று இல்லை. கையில் காசு இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். பற்றில் வாங்குகிறவருக்கும் ரொக்கத்தில் வாங்குகிறவருக்கும் ஒரே விலை. வட்டி கிடையாது, அது மார்க்கம் தடுத்தது என்பதால் பேச்சுக்கே இடமில்லை. தவணைத் தேதியும் கிடையாது. நோட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணும், அந்த வீட்டுக்கு அவர் வைத்திருக்கும் ஒரு குறியும் மட்டும் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் எட்டிப் பார்த்தாலும் யாருடைய கணக்கு என்று தெரியாது. பற்று வைக்க வருகிறவர் எதுவும் பேச வேண்டியதில்லை. சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சற்றே தலையசைத்தால் போதும், அவர் நோட்டை எடுத்துவிடுவார். கடையில் கூட்டம் இருந்தாலும் ரொக்கக்காரருக்கு முன்னுரிமை என்பதில்லை. வரிசை வரிசைதான்.

இதை முதலில் பார்த்தபோது, இந்தக் கடை இரண்டு ஆண்டுகள் தாங்கினால் பெரிது என்று நினைத்தேன். பிணையில்லாத கடன், கேட்டு வாங்காத வசூல், வட்டியில்லாத நிலுவை என்று நான் தணிக்கைக் குறிப்பில் சிவப்பு மையால் எழுதுகிற எல்லாமே அங்கே இருந்தன. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கடையில் சரக்குக் கூடியது. பக்கத்து மனையை வாங்கிக் கிடங்கு கட்டினார். இரண்டு பெண்களையும் இராமநாதபுரத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். ஒருவர் இன்று ஆசிரியர். என் கணக்கு எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற உறுத்தலில்தான் அவரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினேன்.

தவறிய இடங்களில் முதலாவது வசூலைப் பற்றியது. கடன் கொடுத்துவிட்டுப் பயமுறுத்துகிறவருக்குத்தான் முதலில் பணம் போகும் என்று நான் கருதியிருந்தேன். பாடு, அதாவது கிடைத்த மீன், நன்றாக இருந்த நாளில் ஒரு படகுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் நிற்கும் இடம் இந்தக் கடைதான் என்பதைக் கண்ணால் பார்த்தேன். தவணைக்காரரிடம் கட்டினால் தொல்லை விலகும், அவ்வளவே. இங்கே கட்டினால் நாளைய அரிசி உறுதியாகும். மேலும், கேட்காதவரிடம் கடன் வைத்திருப்பது மனிதரை உறுத்துகிறது. கேட்டுத் தொல்லை செய்கிறவரிடம் பாக்கி வைப்பதில் ஒரு சிறு வெற்றி இருப்பதுபோல் சிலருக்குத் தோன்றும். கேட்காதவரிடம் பாக்கி வைத்துவிட்டு அந்தச் சாலையில் நடப்பது கடினம்.

இரண்டாவது கொள்முதலைப் பற்றியது. பற்று நோட்டில் இருக்கும் குடும்பங்கள் வேறு கடைக்குப் போவதில்லை. கையில் ரொக்கம் புரளும் மாதத்திலும் இங்கேயே வாங்குகிறார்கள். ஆகவே மாதத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போகும், எத்தனை டின் எண்ணெய் போகும் என்பது அவருக்கு ஏறத்தாழத் துல்லியமாகத் தெரியும். மொத்த வியாபாரியிடம் நிச்சயமான அளவைச் சொல்லி விலை பேச அவரால் முடிகிறது. விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் மற்றவர்கள் செலவழிக்கும் பணம் இவருக்கு மிச்சம். அத்துடன் இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் வடகடலிலும் தென்கடலிலும் இருக்கிறார்கள். மண்டபம் குறுகலான நிலமுனை. ஒரு கடல் மூடும் பருவத்தில் மறு கடலில் தொழில் நடக்கும். தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களின் பக்கங்கள் நிரம்பும்போது நாட்டுப்படகுக் குடும்பங்களின் பக்கங்கள் குறைகின்றன. இவர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. கேட்டவர் எவரையும் ஊர் பார்த்து, சாதி பார்த்து, பள்ளிவாசலா கோயிலா சர்ச்சா என்று பார்த்துத் திருப்பி அனுப்பாததால் தானாக அமைந்த பாதுகாப்பு அது.

இவ்வளவும் கெட்டிக்கார வியாபாரம்தானே, இதில் கொடை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு விடையாகத்தான் அவர் தம் இரண்டாவது நோட்டைக் காட்டினார். அதைப் பார்த்த நாளை நான் மறக்கப்போவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ரமலான் மாதத்தில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு, பாயும் அவர் மனைவியும் மகனும் கடையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எண்ணுகிறார்கள். மூட்டைகளை நிறுக்கிறார்கள். ரொக்கத்தையும் வங்கி இருப்பையும் எழுதுகிறார்கள். பற்று நோட்டில் வரும் என்று நம்பிக்கையுள்ள தொகையைத் தனியாகக் கூட்டுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இரண்டரை ரூபாய், அதாவது நாற்பதில் ஒரு பங்கு, இஸ்லாம் விதித்த கட்டாயக் கொடையான ஜகாத்தாக எடுத்து வைக்கிறார்கள். பத்து லட்சம் ரூபாய் என்று கணக்கு வந்தால் 25,000 ரூபாய். இது லாபத்தில் கொடுக்கும் பங்கு என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, வணிகச் சரக்கின் மதிப்பிலேயே கொடுக்க வேண்டும், லாபம் வந்ததா இல்லையா என்பது கேள்வி இல்லை. இன்னும் கைக்கு வராத, ஆனால் வரும் என்று நம்புகிற கடனுக்கும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்.

அப்போது ஒரு தணிக்கையாளனுக்கே உரிய குறுக்குவழி எனக்குத் தோன்றியது. வசூலாகாமல் பல ஆண்டுகளாக நிற்கும் பாக்கிகளைத் தள்ளுபடி செய்து, அந்தத் தொகையையே ஜகாத் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாமும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டதாகவும், திரும்பி வராத பொருளை விட்டுவிட்டுக் கொடுத்ததாக எழுதுவது கொடுப்பது ஆகாது என்று அவர் சொல்லிவிட்டதாகவும் கூறினார். "கையில இருக்கிறத எடுத்துக் குடுக்கணும் சார். கையவிட்டுப் போனத எழுதிக்கிட்டா அது நமக்கு நாமே குடுத்துக்கிட்ட மாதிரி" என்றார். ஆகவே வராக்கடனை ஒரு பக்கம் தள்ளுபடி செய்கிறார். ஜகாத்தை வேறு பக்கம் ரொக்கமாகக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் தெளிவானது. கொடுத்தாக வேண்டும் என்பதற்காக அவர் எண்ணுகிறார். எண்ணுவதால் கெட்டுப்போன சரக்கு வெளியே வருகிறது, விற்காமல் தேங்கும் பொருள் தெரிகிறது, எந்தப் பக்கத்தில் பாக்கி அளவுக்கு மீறிப் போகிறது என்பது தெரிகிறது. சந்திர மாதக் கணக்கில் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இந்த இருப்புக் கணக்கு எல்லாப் பருவங்களையும் தொட்டுச் செல்கிறது. 2018இல் ரமலான் ஏறத்தாழ முழுவதும் தடைக்காலத்துக்குள் வந்தது. பற்று மிக உயர்ந்து நிற்கும் நேரத்தில் தம் நிலைமை என்ன என்பதை அந்த ஆண்டு அவர் எண்ணிப் பார்த்தார். 2020இல் ஊரடங்குக்கு நடுவே எண்ணினார். எவ்வளவு வரை பற்றுக் கொடுத்தால் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியும் என்ற எல்லை அப்படித்தான் அவருக்குத் தெரிய வந்தது. தங்கள் சரக்கை ஆண்டுக்கு ஒரு முறைகூட நேர்மையாக எண்ணாத நிறுவனங்களை நான் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்காக எண்ணுகிறவர்கள் எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடுவார்கள். இவர் குறைத்து எண்ணினால் ஏமாறுவது ஏழை என்பதால் கூட்டித்தான் எண்ணுகிறார்.

கீழக்கரை இங்கிருந்து தொலைவில் இல்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழி எங்கள் மாவட்டத்தில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். இறந்த பிறகு தேடி வந்த புலவருக்கு அடக்கத்தலத்திலிருந்து மோதிரம் கிடைத்ததாகச் சொல்லும் கதையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் சீதக்காதி 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையிலிருந்து கடல் வணிகம் செய்த செல்வர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், உமறுப்புலவரை ஆதரித்தவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கணக்குத் தெரியாத வணிகர் கப்பல் அனுப்ப முடியாது. இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் இதே சீமையில் உண்டு. விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் அளித்த, அவர் 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்ற இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி, கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். அவருடைய ஜமீன் பெருங்கடனில் மூழ்கியது. அவர் 1903இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவருடைய கைகளால் இந்த நாடு அடைந்த பயன் பெரிது. ஆனால் கொடுத்தால் செல்வம் பெருகும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுக்கு வருகிறார். கொடை மட்டும் பெருக்கித் தருவதில்லை. பாயிடம் இதைச் சொன்னபோது, அவர் ராஜா, கணக்கு எழுத வேறு ஆள் இருந்திருப்பான், எனக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

2024 நவம்பர் 20ஆம் தேதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எங்கும் வெள்ளம். கடையின் தரை சாலையைவிடத் தாழ்வு. தண்ணீர் உள்ளே ஏறியபோது பாயும் மகனும் மட்டும்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடலில் வலை இழுத்துப் பழகிய கைகள் அரிசி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் இருந்த மேட்டு வீட்டின் திண்ணைக்குக் கொண்டு சென்றன. பாசி எடுக்கும் பெண்கள் பருப்பு டின்களையும் கருப்பட்டிப் பெட்டிகளையும் தலையில் சுமந்தார்கள். இந்தப் பெண்கள் பாறையில் விரல் கிழியாமல் இருக்கச் சுற்றிக்கொள்வதற்காக, தையற்கடையிலிருந்து வெட்டுத் துணிகளை வாங்கி வைத்துப் பல ஆண்டுகளாக விலையில்லாமல் கொடுத்து வருபவர் பாய் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாவும் சர்க்கரையும் நனைந்து போயின. ஆனால் கிடங்கில் இருந்ததில் பெரும்பகுதி தப்பியது.

அதைவிட எனக்கு வியப்பளித்தது அடுத்த இரண்டு வாரங்கள். புதுச் சரக்கு எடுக்க அவருக்கு ரொக்கம் தேவைப்படும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பல வீடுகள் தங்கள் பக்கத்துப் பாக்கியை, முழுதாக முடியாதவர்கள் பாதியையாவது, கொண்டு வந்து கொடுத்தன. வெள்ளத்தில் வலையை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களிடம் வாங்க மறுத்து அவர் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லாமல் ஒரு மாதம் முடிவதற்குள் கடை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பேரிடருக்கான காப்பீட்டை இவர் எடுத்திருக்கவில்லை. தணிக்கையாளனாக அது தவறு என்று அவரிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அன்று தோளில் மூட்டை சுமந்தவர்களை எந்தப் பிரீமியத்துக்கும் வாங்க முடியாது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்தக் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. ரமலானிலும், பொங்கலுக்கும், கிறிஸ்துமஸுக்கும் வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களில் சிலர், பற்று நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் தீர்த்துவிடுமாறு பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாருடைய பக்கம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. யார் தீர்த்தது என்று அந்த வீட்டுக்கும் சொல்லப்படுவதில்லை. அந்த வீட்டார் அடுத்த முறை வரும்போது, பக்கம் முடிந்துவிட்டது, புதிதாகத் தொடங்குகிறேன் என்று மட்டும் பாய் சொல்லுவார். நானும் 2022 பொங்கலுக்கு ஒரு பக்கத்தைத் தீர்த்தேன். 2,300 ரூபாய் சொச்சம்.

அதனால் எனக்கு என்ன நடந்தது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். எங்கிருந்தோ பணம் கொட்டவில்லை. பாயைப் பார்த்து, என் ஓய்வூதியத்திலும் நாற்பதில் ஒரு பங்கை மாதந்தோறும் தனியாக எடுத்து வைப்பது என்று அந்த ஆண்டு முடிவு செய்தேன். எடுத்து வைக்க வேண்டுமானால் மீதி எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். பிறர் கணக்கை முப்பது ஆண்டுகள் பார்த்த நான் என் வீட்டுக் கணக்கை அப்போதுதான் முதன்முதலாக எழுதினேன். நான்கு ஆண்டுகளாக மீட்காமல் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு நகைக்கடன், யாரும் பார்க்காத ஒரு டி.வி. இணைப்பு, எதற்கென்றே தெரியாமல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாலிசி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நகையை அடுத்த ஆண்டு மீட்டோம். என் மனைவி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சற்று நேரம் நின்றதைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் இறுக்கிப் பிடித்ததால் நான் எதைச் சேமித்தேன் என்று வெட்கமாக இருந்தது. கொடுக்கத் தொடங்கிய பிறகு மாதக் கடைசியில் என் கையில் நிற்கும் தொகை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு முறை பிஸ்கட் பொட்டலம் ஒன்று காலாவதித் தேதி கடந்து அலமாரியில் இருந்தது. சுட்டிக்காட்டியதும் அந்த வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் அது நடந்திருக்கக் கூடாது. சில்லறை எண்ணெயை ஊற்றிக் கொடுக்கும் இடம் இன்னும் சுத்தமாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம். வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகும் தரையை உயர்த்தவில்லை; அடுத்த வாடைக்கு முன் அதைச் செய்துவிடுவது நல்லது. பாய்க்குப் பிறகு பற்று நோட்டின் குறிகள் யாருக்குப் புரியும் என்ற கவலையும் எனக்கு உண்டு. மகனுக்குக் கற்றுக்கொடுத்து வருவதாகச் சொல்கிறார். மகன் கணினியில் ஏற்றிவிடலாம் என்கிறார். திரையில் வரும் பெயரைப் பக்கத்தில் நிற்கிறவர் படிப்பார் என்று தந்தை தயங்குகிறார். தந்தையின் தயக்கம் நியாயமானது, மகனின் கருத்தும் தவறில்லை.

காலை ஆறரைக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு அடைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக இரண்டு மணி நேரம் கடை இருக்காது. கூகுள் பே உண்டு. இராமேசுவரத்துக்குச் செல்பவர்கள் திரும்பும் வழியில் வத்தலும் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளலாம். ஊர்ப்பெயர் தெரியாவிட்டாலும், மண்டபத்துக்கு முன்னால் பற்று நோட்டு பாய் கடை எது என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்.

போன சனிக்கிழமை மாலை நான் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு சிறுவன் சீட்டை நீட்டினான். அரை லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை, தேயிலை. பாய் எடுத்து வைத்து நோட்டில் எழுதினார். "மாமா, அம்மா வத்தலும் கேட்டுச்சு, எழுத மறந்துருச்சு" என்றான். நூறு கிராம் நல்ல வத்தலை நிறுத்து, அதையும் எழுதி, வீட்டில் காட்டுவதற்காகத் தொகையை ஒரு துண்டுத் தாளில் குறித்து அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பிறகு என் சாமான்களைக் கூட்டினார். 412 ரூபாய். 500 ரூபாய்த் தாள் கொடுத்தேன். மீதிச் சில்லறை இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் 88 ரூபாயையும் எண்ணி, இன்னொரு முறை எண்ணி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்த்தார்.